ஒரு தட்டு, இரண்டு வயிறு

என் மகளுக்குப் பசி அடங்கவில்லை. இதை நான் பெருமையாகவோ வேடிக்கையாகவோ சொல்லவில்லை, எரிச்சலோடு சொல்கிறேன். பதினாலு வயசுப் பெண். காலையில் நாலு ரொட்டி, மதியம் இரண்டு கிண்ணம் சோறு, பருப்பு, முட்டை, சாயங்காலம் பால், வாழைப்பழம். எல்லாம் உள்ளே போனது, உடம்பில் மட்டும் ஒட்டவில்லை. சின்ன வயதில் கொழுகொழுவென்று இருந்ததால் அவளைக் 'குண்டு' என்றுதான் கூப்பிடுவோம். அந்த ஒரு வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லவே எனக்கு நாக்குக் கூசியது.

"அம்மா, சாப்பிட்டேன். ஆனா சாப்பிட்ட மாதிரியே இல்லம்மா" என்பாள், கை கழுவும்போதே.

"உனக்கு இருக்கிறது வயிறா, கிணறா?" என்று முதலில் கேலி செய்தேன். பிறகு திட்டினேன். பிறகு டாக்டரிடம் கூட்டிப்போனேன். பூச்சி மருந்து கொடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். "ஒண்ணுமில்ல, வளர்ற வயசு" என்றார் டாக்டர். வளர்கிற வயதில் எடை குறையுமா? டாக்டரிடம் கேட்க வேண்டியதை வீட்டுக்காரரிடம் கேட்டுச் சண்டை போட்டேன். அவர் பாவம், "உன் கருகின பூண்டத் தின்னா யாருக்குத்தான் உடம்பு வைக்கும்?" என்றார். பருப்புத் தாளிக்கும்போது பூண்டைக் கருக விடுவது என் பழக்கம். பதினைந்து வருஷமாக எங்கள் வீட்டில் அதுதான் ஜோக்.

எடை குறைந்ததை நான் கண்மதிப்பாகச் சொல்லவில்லை. அளப்பதுதான் என் வேலை. வளரும் பிள்ளைகளின் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் இருந்தேன். தோளில் ஒரு பை. அதில் எடை மெஷின், மேல்கையின் சுற்றளவு பார்க்கும் நாடா, மூன்று அளவுக் கிண்ணங்கள், இரண்டு கரண்டி. பிள்ளையை எதிரே உட்கார வைத்து, "நேத்து எழுந்ததுலேர்ந்து என்னென்ன சாப்பிட்ட?" என்று கேட்க வேண்டும். அதற்குமேல் "அப்புறம்?" என்ற வார்த்தையைத் தவிர வேறு பேசக் கூடாது. எந்தக் கிண்ணம், எத்தனை, மிச்சம் வைத்தாயா, கீழே சிந்தியதா, எல்லாவற்றையும் எழுத வேண்டும். கார்பன் வைத்துத்தான் எழுதுவோம். மேல்தாள் ஆபீசுக்கு, நகல் பள்ளிக்கு. அந்தப் படிவங்களைப் பார்த்து, எந்தப் பள்ளிக்கு மதியம் சோறும் முட்டையும் அனுப்புவது, எதற்கு நிறுத்துவது என்று ஆபீஸ் முடிவு செய்யும்.

என் பங்குக்கு இரண்டு பள்ளி. ஒன்று நகரத்தில், என் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். இன்னொன்று மலைமேட்டில், இரண்டு மணி நேரம் பஸ், அதன் பிறகு ஒரு மணி நேரம் நடை.

போன வருஷம் நல்ல மழை. மேட்டுப் பாதை சரிந்துவிட்டது. மூன்று நாள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வந்து திரும்பினேன். படிவம் கொடுக்கக் கடைசித் தேதி வந்தது. சூப்பர்வைசர் போனில் குதித்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மேட்டுப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை ஒரு பக்கம் வைத்துக்கொண்டேன், நகரப் பிள்ளைகளின் படிவங்களை ஒரு பக்கம் வைத்துக்கொண்டேன். இவர்கள் பெயருக்கு அவர்கள் சாப்பாட்டை அப்படியே எழுதினேன். எடையில் மட்டும் ஆளுக்கு அரைக் கிலோ குறைத்தேன், பார்த்தால் நம்பும்படி இருக்கட்டுமென்று. என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. மேட்டில் இருபத்தெட்டுப் பேர். நகரப் படிவம் இருபத்தேழுதான் இருந்தது. ஒன்று குறைகிறதே என்று யோசித்து, இருபத்தெட்டாவது பெயருக்கு என் மகள் முந்தின நாள் சாப்பிட்டதை எழுதினேன். பெற்றவளுக்குத் தெரியாதா எந்தக் கிண்ணம், எத்தனை கரண்டி என்று! எழுதி அனுப்பினேன், அதோடு மறந்தும் போனேன்.

இந்த வருஷம் மழை இல்லை. முதலில் நகரப் பள்ளியை முடித்தேன். இருபத்தேழு பேருக்கும் மேல்கை போன வருஷத்தைவிட இளைத்திருந்தது. ஒருத்தர் விடாமல் எல்லோருக்கும் எப்படிக் குறையும்? நாடாதான் இழுபட்டுப் போயிருக்கும் என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது நாடா வாங்கினேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, மேட்டுக்குக் கிளம்பிய அன்று காலையில் என் மகளின் கையில் சுற்றிப் பார்த்தேன். பதினெட்டு புள்ளி நாலு. பதினெட்டரை சென்டிமீட்டருக்குக் கீழே போனால் நாடாவில் சிவப்பு. நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் சோற்றையும் பருப்பையும் அவளுக்கொரு டப்பா, எனக்கொரு டப்பா என்று அடைத்துக்கொண்டு ஓடினேன்.

மேட்டுப் பள்ளியில் மூன்று அறை, ஒரு நீள வராந்தா. தலைமையாசிரியர் ஒல்லியான மனிதர். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க. போன வருஷம் நீங்க வந்துட்டுப் போனீங்களாமே. நான்தான் பார்க்கலபோல."

பேச்சை மாற்ற வேண்டுமே என்று, "மதிய சாப்பாடெல்லாம் ஒழுங்கா வருதா சார்?" என்றேன். இதைவிட மோசமான கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை.

அவர் கையை நீட்டிக் காட்டினார். வராந்தாக் கடைசியில் சமையலறை. கதவில் பூட்டு, பூட்டுக்கும் கதவுக்கும் நடுவில் சிலந்திக் கூடு. "உங்க படிவம் போன அடுத்த மாசமே நின்னுருச்சு. நல்லா சாப்பிடற பிள்ளைங்களுக்கு எதுக்குன்னு லெட்டர் வந்துச்சு."

அப்போது சாப்பாட்டு மணி அடித்தது.

பிள்ளைகள் பையிலிருந்து தட்டை எடுத்தார்கள். குழாயில் கழுவிக்கொண்டு வந்து, வராந்தாவில் இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை, சிரிப்பு இல்லை. அந்த வயதுப் பிள்ளைகள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. வீட்டிலிருந்து யாராவது கொண்டுவருவார்கள் என்று வாசலைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. முதல் பையன் வாயைத் திறந்தான்.

"பெரிய கிண்ணத்துல ஒண்ணரை சோறு. சின்னக் கிண்ணத்துல பருப்பு. முட்டை ஒண்ணு."

சொல்லிவிட்டுக் குனிந்து பிசைந்தான். காலித் தட்டில் அவன் விரல்கள் கூடின, பிரிந்தன. கையை வாய்க்குக் கொண்டுபோனான், மென்றான். தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். அடுத்தவள், "ரொட்டி மூணு, உருளைக்கிழங்கு ரெண்டு கரண்டி, தயிர்" என்றாள். ரொட்டியைப் பிய்ப்பது போலக் காற்றைப் பிய்த்தாள். ஒவ்வொருவராகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் வராந்தா முழுவதும் மெல்லுகிற சத்தம், உறிஞ்சுகிற சத்தம், விரலைச் சப்புகிற சத்தம். கண்ணை மூடிக்கொண்டால் நல்ல விருந்து நடக்கிறது என்றே நினைத்திருப்பேன்.

"முட்டை பாதிதான். மஞ்சக்கரு கீழ விழுந்துருச்சு" என்று ஒருவன் தரையைப் பார்த்து உச்சுக்கொட்டினான்.

நகரப் பள்ளியில் ஒரு வாயாடிப் பையன் என்னிடம் சொன்னது அது. "மஞ்சள் கரு சிந்தியது" என்று என் கையால் எழுதி, அதையே இவன் பெயருக்கும் எழுதியிருந்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூரையிலிருந்து ஒரு காக்கை இறங்கி வந்தது. அவன் பார்த்த அந்த இடத்தில் மூன்று தடவை கொத்தியது. படி ஓரத்தில் அலகைத் துடைத்துவிட்டுப் பறந்து போனது. போய்ப் பார்த்தேன். காய்ந்த சிமெண்ட் தரை, வேறொன்றும் இல்லை.

"என்ன சார் இது விளையாட்டு?" என்றேன்.

"விளையாட்டுதான்னு நானும் நெனச்சேன்" என்றார் தலைமையாசிரியர். "சோறு நின்ன அன்னைக்குப் பிள்ளைங்க தட்டோட வந்து உட்கார்ந்துட்டாங்க. குடுக்க என்கிட்ட ஒண்ணுமில்ல. உங்க மேல இருந்த ஆத்திரத்துல நகலை எடுத்து, 'இந்தா கேளுங்க, நீங்க என்னென்ன சாப்பிட்டீங்கன்னு எழுதியிருக்கு'ன்னு படிச்சேன். வேற எதுக்கும் இல்ல, வயித்தெரிச்சல். மறுநாள், 'சார், இன்னிக்கும் படிங்க'ன்னாங்க. ஒரு வாரத்துல எல்லாருக்கும் மனப்பாடம். அப்புறம் ஒருநாள் ஒருத்தன் ஏப்பம் விட்டான்."

அவர் சிரிக்கவில்லை. "நிறுத்தச் சொல்லலாம்னு பார்த்தேன். மனசு வரல" என்றார்.

வரிசையின் கடைசியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஆள் சின்னதாக இருப்பதால் எல்லோரும் அவளைக் 'கடுகு' என்றார்கள். வயதைக் கேட்டால் பதினாலு.

"பெரிய கிண்ணத்துல ரெண்டு சோறு" என்றாள் கடுகு. "பருப்பு. முட்டை ஒண்ணு. கீரை, ஓரமா ஒதுக்கினது."

ஆள்காட்டி விரலால் ஒன்றுமில்லாததைத் தட்டு விளிம்புக்குத் தள்ளினாள், மூக்கைச் சுளித்துக்கொண்டு. என் மகளும் அப்படித்தான் தள்ளுவாள். அதே விரல், அதே சுளிப்பு. நான் பக்கத்தில் போய் மண்டியிட்டேன். அவள் கையிலிருந்து வாசனை வந்தது. கருகின பூண்டு. படிவத்தில் பூண்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை, சத்தியமாக எழுதவில்லை.

கடுகு விரலைச் சப்பிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னிக்கு உப்புக் கம்மி, மிஸ்."

பையிலிருந்து என் டப்பாவை எடுத்துத் திறந்தேன். காலையில் அவசரத்தில் ருசி பார்க்காமல் அடைத்த சோறு. ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கம்மிதான்.

நாடாவை எடுத்துக் கடுகின் மேல்கையில் சுற்றினேன். பதினெட்டு புள்ளி நாலு. அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றினேன். பதினெட்டு புள்ளி நாலேதான்.

"இப்படி... சாப்பிட்டா, வயிறு நிறையுதாம்மா?"

"ருசியெல்லாம் வரும் மிஸ். வயிறுதான் பாதி நிறையும். மீதிப் பாதி எங்கயோ போயிடுது."

எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு தட்டை இரண்டு பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி மேட்டிலும் ஒருத்தி என் வீட்டிலும். நான் எழுதிக் கொடுத்த தட்டு. தூக்கிப் போட்ட பழைய நாடாவின் மேலும் ஒரு குற்றமும் இல்லை. நகரத்தில் இருபத்தேழு தாய்மார் என்னைப் போலவே பிள்ளைகளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு அலைந்துகொண்டிருப்பார்கள். பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டேன், பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல்.

சாப்பிட்டு முடிந்ததும் வேலையை ஆரம்பித்தேன். ஒவ்வொருவரிடமும், "மனப்பாடம் பண்ணினத விட்டுடு. நேத்து நிஜமா என்ன சாப்பிட்ட?" என்று கேட்டேன். இருபத்தேழு பேருக்கு உண்மையை எழுதினேன். எழுத அதிக நேரம் ஆகவில்லை, எழுத ஒன்றும் இல்லை. கடைசியாகக் கடுகு வந்தாள்.

"காலைல டீ, பால் இல்லாம. ராத்திரி கஞ்சி, உப்பு" என்றாள். நான் பேனாவை எடுத்ததும் தாளின்மேல் கையை விரித்து மூடிக்கொண்டாள். "எழுதாதீங்க மிஸ்."

"எழுதினாத்தாம்மா திரும்பச் சோறு வரும், முட்டை வரும்."

"எப்ப வரும்?"

பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் எனக்குத் தெரியாதா?

"நீங்க எழுதிட்டா, நாளைக்கு மணி அடிச்சா எனக்கும் அந்த டீதான் இருக்கும். மத்தவங்களுக்கெல்லாம் எழுதிட்டீங்க. எனக்காவது விட்டுடுங்க."

விட்டுவிட்டால் என் மகளின் கை பதினெட்டுக்கு இறங்கும், பதினேழரைக்கு இறங்கும். எழுதினால் இவளுடைய கை இறங்கும். கடைசியில் அவள் கையை மெதுவாக நகர்த்திவிட்டு, முந்தின நாள் நான் சாப்பிட்டதை எழுதினேன். என் சோறு, என் பருப்பு, என் கீரை, என் முட்டை. என் மகளை விடுவித்துவிட்டு என்னை மாட்டிக்கொண்டேன். இவளுக்கு மட்டும் ஏன், மற்ற இருபத்தேழு பேர் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்பீர்கள். கேளுங்கள். அவர்கள் கையில் என் வீட்டு வாசனை வரவில்லை, அவ்வளவுதான். சுயநலம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

டப்பாவைக் கடுகிடம் கொடுத்தேன். அவள் ஒரு வாய் எடுத்துக்கொண்டு அடுத்தவளிடம் தள்ளினாள். டப்பா வரிசை முழுவதும் போய்த் திரும்பி வந்தது, கழுவி வைத்தது போல.

அன்று வீட்டில் என் மகள் ரொட்டியைப் பாதியிலேயே வைத்துவிட்டு, "போதும்மா, வயிறு முட்டிடுச்சு" என்றாள். ஒரு வருஷத்தில் முதல் தடவை. சமையலறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிறகு என் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தின்னத் தின்ன ருசி வந்தது. வயிறு பாதிக்குமேல் ஏறவில்லை.

மறுநாள் ஆபீசுக்குப் போய், போன வருஷப் படிவம் பொய் என்று எழுதிக் கொடுத்தேன். இந்த வருஷம் எடுத்ததை வைத்து உடனே சோறு அனுப்புங்கள் என்றும் எழுதினேன். சூப்பர்வைசர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நேர்மையா இருக்கணும்னா போன வருஷமே இருந்திருக்கணும்மா. பொய்ப் படிவம் எழுதினேன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுக்கறீங்க. அப்புறம் நீங்க எழுதின இந்தப் படிவத்த நான் எப்படி மேல அனுப்புவேன்?"

"இது உண்மை சார். வேணும்னா நீங்களே ஒருதடவ மேட்டுக்குப் போய்ப் பாருங்க."

"அடுத்த வருஷம் வேற ஆளு போவாங்க" என்றார். வேலை போனது. இருபத்தெட்டுப் படிவங்களையும் ஒரு கவரில் போட்டு அலமாரிக்குள் வைத்தார்கள். உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு வந்திருக்கும். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. நகரப் பள்ளிப் பிள்ளைகள் தேறிவிட்டார்கள், தெருவில் பார்க்கிறேன். என் மகளை மறுபடி 'குண்டு' என்று கூப்பிடுகிறோம், அவளுக்குக் கோபம் வருகிறது. நான்தான் எலும்பும் தோலுமாக ஆகிவிட்டேன். "நீ சாப்பிடறது எங்கம்மா போகுது?" என்று அவள் கேட்கிறாள். ஒரு காலத்தில் நான் அவளைக் கேட்ட மாதிரியே.

வாரம் ஒருமுறை தலைமையாசிரியருக்குப் போன் செய்வேன். "மணி அடிச்சா இப்பல்லாம் யாரும் தட்டு எடுக்கறதில்ல. ஆளுக்கொரு மூலைல சுருண்டு படுத்துக்கறாங்க" என்றார். "கடுகு மட்டும் தனியா உட்கார்ந்து சாப்பிடறா. எல்லாரும் அவ வாயையே பார்த்துக்கிட்டிருக்காங்க."

அதன் பிறகு, மேட்டில் மணி அடிக்கிற ஒரு மணிக்குச் சரியாகத் தட்டைப் போட்டு உட்காருவதை வழக்கமாக்கிக்கொண்டேன். உப்பு சரிபார்ப்பேன். பூண்டைக் கருக விடுவதில்லை. கடுகுக்குக் கீரை பிடிக்காது என்று கீரை சமைப்பதையே விட்டேன். அவளுக்குப் போகட்டும் என்று வேண்டுமென்றே இரண்டு முட்டை சாப்பிடுவேன். வாய்க்குள் போட்டுவிட்டு, "நல்லா மென்னு சாப்பிடும்மா" என்று சொல்லவும் சொல்வேன். வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார், பார்க்கட்டும்.

போன வாரம் பேசியபோது, "கடுகுக்கு ஒரே காய்ச்சல். ரெண்டு நாளா பள்ளிக்கூடம் வரல. கீழ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக ஆள் பார்க்கறாங்க" என்றார். அன்றைக்கும் அதற்கு அடுத்த நாட்களிலும் என் சோறு பாதிதான் நின்றது. பாதி போகிறதே, சாப்பிடுகிறாள், இருக்கிறாள் என்று தைரியமாக இருந்தேன்.

இன்று ஒரு மணிக்கு உட்கார்ந்தேன். சோறு, பருப்பு, இரண்டு முட்டை. நாலாவது வாயிலேயே ஏதோ வித்தியாசமாக இருந்தது. ஐந்தாவது வாய், ஆறாவது வாய். எல்லாம் எனக்குள்ளேயே இறங்கியது, இறங்கிய இடத்திலேயே நின்றது. தட்டில் இன்னும் பாதிச் சோறு இருக்கும்போதே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

கையை உதறிவிட்டுத் தலைமையாசிரியருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இன்னொரு வாய் எடுத்து வாயில் திணித்தேன். "சாப்பிடும்மா, ஒரே ஒரு வாய்" என்றேன். அதுவும் எனக்குத்தான் போனது. மேட்டுக்குப் போகிற பஸ் இரண்டு மணிக்கு. எச்சில் கையோடு வாசலில் செருப்பைத் தேடினேன்.